சுண்டு ரின்னும் ஜாம் போத்தலும்

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு கிரைண்டர் பெட்டி இருக்கிறது. கல்யாணம் முடித்துப் பாலையூற்றுக்கு வந்த முதல் நத்தாருக்கு, 2010இல், நான் மாமிக்குக் கொடுத்தது. தவணைக்கு எடுத்து ஆறு மாதம் காசு கட்டினேன். பெட்டியில் ஒட்டியிருந்த பட்டி இன்றுவரை வெட்டப்படவில்லை.

கொடுத்த அன்று மாமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே இருந்த படத்தைத் தடவினார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் பிள்ளை, என்ர அம்மிச் சம்பல் வாயில வைக்கேலாமலோ கிடக்கு?"

சத்தியமாக நான் அப்படி நினைக்கவில்லை. மாமிக்குக் கை நோகுமே என்றுதான் வாங்கினேன். ஆனால் மாமியின் சம்பல் எங்கள் தெருவில் பெயர் எடுத்த சம்பல். கரோல் பாடி வருகிற பெடியள் எங்கள் வீட்டில் மட்டும் காசோடு பாணும் சம்பலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அந்தக் கைக்கு நான் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

உடம்பு வைத்த மச்சாளுக்கு எடை பார்க்கிற மெஷின், சோதனையில் கோட்டை விட்ட பெறாமகனுக்கு இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம், கறுத்த பிள்ளைக்கு முகத்துக்குப் பூசுகிற கிறீம். இதெல்லாம் பளபளக்கிற கடதாசியில் சுற்றிய முறைப்பாடுகள். கொடுக்கிறவருக்கு அது தெரியாது. வாங்குகிறவர் கடதாசியைக் கிழிக்கும்போதே தெரிந்துகொள்வார்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் நான் பயந்து போய், யாருக்கும் நோகாத சாமான்களாகக் கொடுத்தேன். துவாய், குவளை, கிளாஸ் செற். அதில் ஒரு கிளாஸ் செற் மூன்று வீடு சுற்றி, நான் சுற்றிய அதே கடதாசியோடு, எங்கள் மகளின் முதல் நன்மைக்குத் திரும்பி வந்தது. மூலையில் விலையை நான் பேனையால் வெட்டிய அடையாளம்கூட இருந்தது. கொண்டுவந்தவருக்கு நன்றி சொல்லி வாங்கி வைத்தேன். வேறென்ன செய்ய?

மாமா 2016இல் போய்ச் சேர்ந்தார். அந்த வருடம் நவம்பர் 2ஆம் திகதி, இறந்தவர்களின் நாளில், மாமியோடு சேமக்காலைக்குப் போனேன். திருகோணமலையில் அந்த நாளில் வானம் வெளித்திருந்தால்தான் புதினம். மாரி தொடங்கியிருக்கும், கடலில் இருந்து காற்றுச் சும்மா அள்ளிக்கொண்டு வரும். மாமி மெழுகுதிரியைக் கொளுத்துகிறார், காற்று அணைக்கிறது. குடையைச் சரித்துப் பிடித்தார். முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார். முந்தானையை மறைப்பாகப் பிடித்ததில் சீலைக் கரை பொசுங்கியது. பதினொரு நெருப்புக்குச்சி எண்ணினேன். கடைசியில் எரியாத திரியைக் கல்லில் நட்டுவிட்டு, "சரி, அந்தாளுக்கு விளங்கும்" என்று சொல்லிக்கொண்டு எழும்பினார்.

வீட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அன்றிரவு எழுதினேன்: மாமி, மெழுகுதிரி, காற்று. நான் செய்த ஒரே கெட்டித்தனம் அதுதான். டிசம்பர் 20ஆம் திகதி மெயின் வீதியில், நனைந்த சனத்துக்குள் நின்று "மாமிக்கு என்ன வாங்கலாம்" என்று யோசித்தால் துவாய்தான் ஞாபகம் வரும். என்ன தேவை என்பது வருடத்தில் ஏதோ ஒரு நாள், நாங்கள் பரிசைப் பற்றி நினைக்காத நேரத்தில், கண்ணில் பட்டுவிட்டுப் போய்விடும். அதை எழுதி வைக்காவிட்டால் போனது போனதுதான்.

அந்த விளக்கை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். வாய் அகன்ற ஜாம் போத்தல் வேண்டும். சோஸ் போத்தல் சரிவராது. கழுத்து ஒடுங்கினால் காற்றுப் போகாமல் சுடர் மூச்சடைத்து அணைந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்தால் லேபல் கழன்று வரும், மிச்சப் பசைக்குத் தேங்காயெண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறட்டால் முறுக்கி, அதிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கைபிடி வளைத்தேன். உயரம் குறைந்தால் கை சுடும். அடியில் இரண்டு விரல் அளவுக்குக் காய்ந்த மணல், அதற்குள் கட்டை மெழுகுதிரி. நீட்டுத் திரி வைத்தால் சுடர் வாய்க்கு மேலே வந்து காற்றோடு பழையபடி சண்டை பிடிக்கும்.

முதல் போத்தல் வெடித்துவிட்டது. சூடான கண்ணாடியில் மழைத்துளி பட்டால் அவ்வளவுதான். என்னவர் அதைப் பார்த்துவிட்டு, பால்மா ரின் மூடி ஒன்றின் நடுவில் ஓட்டை போட்டு, போத்தல் வாயில் இருந்து நாலு விரல் மேலே தொப்பி மாதிரிக் கம்பியில் தொங்கவிட்டார். காற்றும் போகும், மழையும் படாது. இரண்டாவது போத்தல் இன்னும் இருக்கிறது. செலவு என்று பார்த்தால் மெழுகுதிரிக் காசுதான்.

நத்தாருக்கு முதல் நாள் காலையில் மாமியின் கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. குசினிக்குப் போய் நெருப்புப்பெட்டி எடுத்துவந்து, பட்டப்பகலில் மேசையில் வைத்துக் கொளுத்தி, வாயால் பலமாக ஊதிப் பார்த்தார். அணையவில்லை. இன்னொரு தரம் ஊதினார். பின்னேரம் சீலை மாற்றிக்கொண்டு, "நான் ஒருக்காப் போட்டு வாறன்" என்று தனியாகப் புறப்பட்டுப் போனார். அந்த விளக்குக் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அலுமாரிக்கு மேலே போகவில்லை.

அடுத்தது கனடாவில் இருக்கிற அண்ணாவின் கதை. வெளிநாட்டுக்காரருக்குப் பரிசு அனுப்புவது பெரிய தலையிடி. அங்கே எல்லாம் கிடைக்கிறது. இங்கேயிருந்து போவது தூளும் கருவாடும்தான். (கருவாட்டை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பார்சல் வழியில் தாமதித்தால் கூடவே போகிற சீலையும் கருவாடாகிவிடும்.) 2018இல் அம்மாவை இருத்தி வைத்து, ஒரு கொப்பியில் அவருடைய கையெழுத்திலேயே சமையல் குறிப்புகள் எழுதுவித்தேன். நண்டுக் கறி, ஒடியல் கூழ், பயத்தம் உருண்டை, நத்தாருக்குச் சுடுகிற சிப்பிப் பலகாரம். அம்மாவுக்குப் பொறுமை இல்லை. "உப்பு அளவாப் போடு எண்டு எழுதினாக் காணாதே?" என்று இடைக்கிடை எழும்பி ஓடுவார்.

அண்ணாவுக்குக் கொப்பி கிடைத்தது. பெரிய சந்தோசம். ஒரு கிழமையில் போன் எடுத்தான்: "எடியே, ரெண்டு சுண்டு மா, அரைச் சுண்டு சீனி எண்டு அம்மா எழுதியிருக்கிறா. சுண்டுக்கு நான் எங்க போறது?"

சிரித்துவிட்டேன். நாலு சுண்டு ஒரு கொத்து என்று அவனுக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்கு வீடு சுண்டு என்பது குசினியில் அரிசிப் பானைக்குள் கிடக்கிற அந்த ரின்பால் ரின்தான். அங்கே அவனிடம் கிராம் தராசு இருக்கிறது, கப் இருக்கிறது, அம்மாவின் சுண்டு இல்லை. நான் பயத்தம் மா இத்தனை கிராம் என்று நிறுத்துச் சொன்னேன். செய்து பார்த்தான், உருண்டை பிடிபடவில்லை என்றான்.

அடுத்த வருட நத்தாருக்கு அம்மா அரிசி அளக்கிற அந்த ரின்னையே அனுப்பினோம். மேல் விளிம்பு வெட்டாமல் இருக்க அப்பா அரத்தால் ராவி, விரலால் சுற்றித் தடவித் தடவிப் பார்த்தார். அடியில் ஒரு பக்கம் நெளிந்திருந்தது, தட்டி நிமிர்த்தட்டோ என்று கேட்டார். அம்மா விடவில்லை. "அந்த நெளிவோடதான் நான் அளந்தனான். நிமித்தினா அளவு பிழைக்கும்." தனக்கு வேறு ரின் எடுத்துக்கொண்டார், ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சோறு ஒன்றில் கூடியது, இல்லாவிட்டால் குறைந்தது.

தபால் கந்தோரில் படிவம் நிரப்பும்போது உள்ளே என்ன என்று கேட்டார்கள். ரின் என்றேன். "ரின்னுக்குள்ள?" "ஒண்டுமில்லை." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார் அந்த ஐயா. "ஒண்டுமில்லாததையோ பிள்ளை இவ்வளவு காசு குடுத்துக் கனடாவுக்கு அனுப்பிறியள்?" கதையைச் சொன்னேன். முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு, தன்னுடைய வீட்டுச் சுண்டுக்குக் காது வைத்து ஒட்டுவித்திருப்பதாகச் சொன்னார். பின்னால் நின்ற ஆட்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் டிசம்பர் பிறக்கும் வரை பார்த்திருக்காதீர்கள். நான் ஒக்டோபர் கடைசியில் போட்டுவிடுவேன். பாரத்துக்குத்தான் காசு, ஆகவே கண்ணாடி, போத்தல், பீங்கான் வேண்டாம். தூள் அனுப்பினால் இரண்டு பொலித்தீன் பைக்குள் தனித்தனியாகக் கட்டுங்கள். அண்ணாவின் மகள் ஒருமுறை பவளப்பாறைத் துண்டு கேட்டாள், புறாத்தீவுப் படம் பார்த்துவிட்டு. புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா, அங்கேயிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் டிசம்பர்க் கடலில் அங்கே போய் வருவதும் லேசில்லை.

பக்கத்து வீடுகளுக்குக் கேக் கொடுப்பது எங்கள் தெருவில் வழக்கம். கேக் தெரிவு செய்ய என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். வலதுகைப் பக்கத்து வீட்டு ராத்தா கிண்ணியாவில் இருந்து கல்யாணம் முடித்து வந்தவர். பெருநாளுக்கு வட்டிலப்பம் தருவார், நத்தாருக்கு நான் கேக் கொடுப்பேன். அவரும் சந்தோசமாக வாங்குவார். மூன்று வருடம் கழித்துத்தான் அவருடைய சின்ன மகன் உண்மையைப் போட்டு உடைத்தான்: "உம்மா கேக்கைச் சாப்பிட மாட்டா அன்ரி, அதில சாராயம் இரிக்காம்." ராத்தாவுக்கு முகம் போய்விட்டது. எனக்கு அதைவிட.

எங்கள் நத்தார்க் கேக்கில் ரவை, கஜு, பிளம்ஸ், பேரீச்சம்பழம், இஞ்சிப்பாகு, சீனிப்பாகில் காய்ச்சின நீற்றுப்பூசணி எல்லாம் போடுவோம். பழங்களைப் பிராண்டியில் ஊறவைப்பது வழக்கம். இப்போது முதலில் ராத்தாவுக்குத்தான் செய்வேன். பழங்களைத் தோடம்பழச் சாற்றிலும் தேனிலும் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிடுகிறேன். எசன்ஸ் வாங்கும்போது அற்ககோல் இல்லாதது என்று போத்தலில் வாசித்து வாங்குகிறேன். பிராண்டிக் கேக் சுட்ட தட்டில் சுடுவதில்லை, அதற்கென்று தனித் தட்டு. பிராண்டி இல்லாத கேக் மாதக்கணக்கில் நிற்காது, ஆகவே நத்தாருக்குக் கிட்டத்தான் செய்ய வேண்டும். கொடுக்கும்போது, அவர் கேட்க முதலே நானே வாயால் சொல்லிவிடுவேன்: "ராத்தா, இது உங்களுக்கெண்டு வேறயாச் செய்தது." தட்டை அவர் வெறுமையாகத் திருப்பியதில்லை. போன முறை தொதல் வந்தது.

முன்வீட்டு டீச்சருக்குக் கேக்கே சரிவராது. சைவக்காரர், நத்தார் வருகிற நாட்களில் ஒன்றில் பிள்ளையார் கதை, இல்லாவிட்டால் திருவெம்பாவை என்று விரதத்தில் இருப்பார். கேக்கில் முட்டை. நாங்கள் நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து கண்ணயரும் நேரத்தில், டீச்சர் எழும்பிக் கிணற்றடியில் குளிக்கிற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு தெருவில் சங்குச் சத்தம். நான் கொடுத்த கேக்கையெல்லாம் ரியூசனுக்கு வருகிற பிள்ளைகள்தான் தின்றிருக்கிறார்கள். இப்போது அவருக்கு நாள் கிழிக்கிற கலண்டர் ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன், விரத நாள், சுப நேரம் எல்லாம் போட்டது. வருடம் முடிகிற நேரம், அவருக்கும் தேவை. காலையில் என் மகள் படிக்கப் போனால், "இண்டைக்கு நீ கிழி" என்று அவளை விடுவாராம்.

கந்தோரில் சீட்டு இழுத்துப் பரிசு கொடுப்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 500 ரூபா எல்லை. ஆளைச் சரியாகத் தெரியாவிட்டால் தின்கிற சாமான் கொடுக்கலாம் என்று நினைத்து மஸ்கற் கொடுத்தேன். சீட்டில் வந்தவருக்குச் சீனி வருத்தம். அவருடைய மேசையைச் சுற்றி நின்று நாங்கள் எல்லோரும்தான் அதைத் தின்றோம். எல்லையைத் தாண்டிக் கூடக் காசுக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை. அடுத்த வருடம் அந்த மனுசி கடன் பட்டாவது திருப்பிச் செய்ய வேண்டிவரும்.

2021 நத்தார் பலருக்கும் மறந்திருக்காது. எரிவாயு அடுப்பு வெடித்த செய்திகள் நாளாந்தம். பால்மா கடைகளில் இல்லை. உவர்மலையில் இருக்கிற பெரியப்பா, துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பால்தேத்தண்ணி இல்லாமல் அரை மனுசனாகிவிட்டார் என்று பெரியம்மா சொன்னார். இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்று ஆளுக்கு ஒன்று என்று கொடுத்த 400 கிராம் பைக்கற் ஒன்று வாங்கி, சிவப்புக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கின கையோடு கத்தரிக்கோல் கேட்டார். வெட்டினார். வீட்டில் அப்போது நாங்களும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டாருமாகப் பதின்மூன்று பேர். அத்தனை பேருக்கும் தடிப்பாகப் பால்தேத்தண்ணி. பாதிப் பைக்கற் அங்கேயே முடிந்தது.

எனக்கு நெஞ்சு கொதித்தது. "பெரியப்பா, உங்களுக்கெண்டு வரிசையில நிண்டு வாங்கினது" என்று சொல்லியே விட்டேன். அவர் கோப்பைகளை எண்ணிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு மாசமா வாற சனத்துக்கு வெறுந்தேத்தண்ணி குடுத்துக் குடுத்து வெக்கமாக் கிடந்தது பிள்ளை." அவருக்குக் குடிக்கப் பால் இல்லை என்று நான் கணக்குப் போட்டேன். அவருக்கு இல்லாமல் இருந்தது வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பால். கவனித்துவிட்டேன் என்று நினைத்ததிலும் பாதியைத்தான் கவனித்திருக்கிறேன். இப்போது கொப்பியில் எழுதுவதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடுகிறேன். வீட்டில் இருக்கிற இன்னொருவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்ப்பேன்.

சுற்றுகிற கடதாசிக்கு நான் காசு செலவழிப்பதில்லை. பழைய மாதக் கலண்டரின் மறுபக்கம் நல்ல தடிப்பு, வெள்ளை. மகள் அதில் ஏதாவது கீறுவாள். சின்னச் சாமான் என்றால் பனங்கட்டி வருகிற ஓலைக் குட்டான்களைக் கழுவி, வெயில் கிடைக்கிற நாளில் காயவைத்து எடுத்து வைக்கலாம். ஆனால் டிசம்பரில் இங்கே வெயில் எங்கே? செப்டெம்பரிலேயே காயவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம். எதைக் கொண்டுபோனாலும் மேலே ஒரு பொலித்தீன் பை. நனைந்த கலண்டர்க் கடதாசியின் மை ஒருமுறை ராத்தாவின் கேக்கில் "ஒக்டோபர்" என்று பதிந்துவிட்டது.

போன நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் மாமிக்கு முழங்கால் வலி, நானும் கூடப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. விளக்கை மாமாவின் கல்லில் வைத்துச் செபம் சொல்லி முடித்துவிட்டு, மாமி அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கல்லுக்குப் போனார். அதில் இரண்டு பெயர், கீழே 26.12.2004. ஒருவருக்கு முப்பத்தொரு வயது, மற்றதற்கு நாலு. சுற்றிவரப் புல். அங்கேயும் ஒரு அருள்நிறை மரியே சொன்னார். ஒவ்வொரு முறையும் இப்படித்தானாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர்களுடைய ஆட்கள் எங்கேயோ வெளிநாட்டில், வருகிறதில்லையாம்.

எழும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, இன்னொரு போத்தல் வந்தா இவைக்கும் ஒண்டு செய்து தாவன். ரெண்டு இடத்துக்கும் தூக்கித் திரியிறன்."

வீட்டில் இருந்த ஜாம் போத்தலில் இன்னும் அரைவாசி மிச்சம் இருந்தது. நத்தார் காலையில் பாணுக்கு எல்லோருக்கும் இரண்டு கரண்டி கூடத் தடவினேன். என்னவர் இனிப்புக் கூடிவிட்டது என்றார். தின்னுங்கோ என்றேன். அடுத்த நாள் 26ஆம் திகதி.